பக்கத்துப் படுக்கை எஸ்போசிட்டோ

போன வாரம் இந்தப் பத்தியில் என்னைக் காணோமே என்று சிலர் விசாரித்தீர்களாம். ஒன்றுமில்லை… கண் ஆபரேஷன். இடது கண்ணில் புரை முற்றிப்போய், எழுதுகிற வரி மேலேயே அடுத்த வரி ஏறிக்கொண்டிருந்தது. வலது கண்ணும் பாதிதான்.

ஆனால் இன்றைக்குக் கண்ணைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு பெயரைப் பற்றி. எஸ்போசிட்டோ — இத்தாலிக்காரர்களின் குடும்பப் பெயர்.

உனக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒரு திரைச்சீலை அளவுதான் சம்பந்தம்.

என் மகனுக்கு இங்கே கல்ஃபில், ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்டில் வேலை. ஆபரேஷன் அன்றைக்கு பிளான்ட்டில் ஷட்டவுன் என்று பெரிய பராமரிப்பு வேலை — லீவ் கிடையாது. மருமகள் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரியில் இறக்கி, கவுன்டரில் எல்லாம் எழுதிக் கொடுத்து, “ஒரு மணிக்கு வந்துடுறேன் அத்தை” என்று டியூட்டிக்கு ஓடினாள். வீட்டுக்காரர் வெளியே நாற்காலியில். போன வருஷம்தான் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது. சர்க்கரை வேறு. “நீ தைரியமா போ” என்று என் கையைப் பிடித்தார். அவர் கைதான் ஜில்லென்று இருந்தது.

உள்ளே போனதும் பச்சை கவுன், தலைக்கு ஒரு பை. தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றி ஒரு கவருக்குள். கண்ணாடியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த மங்கலில் பார்த்தால் அறையில் இருந்த கிழவிகள் எல்லாரும் ஒரே மாதிரி… யார் நான், யார் அவர்கள் என்று எனக்கே சந்தேகம்.

ஜின்சி என்று ஒரு நர்ஸ். கோட்டயத்துப் பெண். அட்டையோடு வந்து நின்றாள்.

“அம்மா, உங்க முழுப் பேரு பறயணும்.”

“செல்லம்மாள்.”

“அது பாதி. சர்நேம்?”

கையில் கட்டிவிட்டிருந்த பெயர்ப் பட்டையை அவள் பக்கம் நீட்டினேன்.

நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்தக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று ஏஜென்ட் என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிட்டார். காகிதத்தில் இருக்கிறவரை எனக்கென்ன? யார் கேட்டாலும் மகன் சொல்வான், மருமகள் சொல்வாள். நான் சொன்னதில்லை. கல்யாணமாகி ஐம்பத்தொரு வருஷம் — ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டென்ட் வைத்த மனுஷனை வெளியே உட்காரவைத்துவிட்டு, உண்மையா பொய்யா என்று உள்ளே இருந்து சோதித்துப் பார்க்க உங்களால் முடியுமா?

“கையில கட்டியிருக்கீங்களே, இந்தப் பட்டையில இருக்கே கண்ணு.”

“அது நான் வாசிச்சா போதாது. நீங்க சொல்லணும்.”

“எழுதிக் காட்டட்டா?”

“வாயால அம்மா. அது ரூல்.” ஜின்சி திரைச்சீலையை விலக்கிக் காட்டினாள். பக்கத்துப் படுக்கையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. “நோக்குங்க. உங்களுக்கு இடது கண்ணு, அவங்களுக்கு வலது கண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே கவுன், ஒரே தொப்பி. மாறிப் போனா?”

அதுவரை அந்தப் பயம் எனக்கு இல்லை. அதையும் கொடுத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் ஊர்ப்பக்கத்து வழிக்கு வந்தேன். “பழனியில இருக்காரே…”

“பழனியில யாரு? உங்க அண்ணனா?”

“மலை மேல… கையில வேலோட…”

“ஓ! முருகன்!”

“அவரேதான். ஆனா அந்தப் பேரு இல்ல. அவருக்கு இன்னொரு பேரு. நீ ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே வா, நான் தலையாட்டுறேன்.”

“என் ஈசோயே! தலையாட்டுனா பற்றாது அம்மா! நீங்க சொல்லலைன்னா உள்ள விட மாட்டாங்க. லிஸ்ட்ல அடுத்த ஆளு போயிடும். டாக்டர் நாளை கழிஞ்சா ஒரு மாசம் லீவு.”

ஒரு மாசம்! முந்தின வாரம்தான் சாம்பார்ப் பொடி என்று காப்பிப் பொடியைப் போட்டுவிட்டு வீட்டில் எல்லாரிடமும் பேச்சு வாங்கியிருந்தேன். இன்னும் ஒரு மாசத்தில் என்னென்ன ஆகுமோ? “அஞ்சு நிமிஷம் கொடு கண்ணு” என்றேன்.

ஜின்சி பக்கத்துப் படுக்கைக்குப் போனாள். பெயர் கேட்டாள். சந்தையில் மீன் விற்கிற மாதிரி ஒரு சத்தம் — “எஸ்போசிட்டோ!” முன்னால் ஏதோ ஒரு பெயர் வந்தது, அது என் காதில் நிற்கவில்லை. எஸ்போசிட்டோதான் கூரையில் மோதித் திரும்பியது.

அந்த அம்மா என்னைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்தார். அவருடைய மகனும் ராஸ் லஃபானில்தான் இன்ஜினியராம். ஊர் நேப்பிள்ஸ். இங்கிலீஷ் என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் தேவலை. மீதியைக் கையால் பேசினார். ஜின்சி நடுவில் நின்று எனக்குச் சொன்னாள்.

நேப்பிள்ஸில் இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்களாம். அவ்வளவு எஸ்போசிட்டோக்கள்.

“அப்படின்னா என்ன அர்த்தமாம்?” என்றேன். ஐந்து நிமிஷத்தைக் கடத்த வேண்டுமே!

ஜின்சி கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. “வெளியில வச்சதுன்னு அர்த்தமாம் அம்மா. வளர்க்க வழியில்லாத பிள்ளையை அந்தக் காலத்துல மடத்து வாசல்ல கொண்டுவந்து வைப்பாங்களாம். சுவர்ல மரச் சக்கரம் மாதிரி ஒண்ணு. வெளியிலேர்ந்து பிள்ளையை அதுல வச்சுட்டு மணி அடிச்சா, உள்ள இருக்கிறவங்க அதைத் திருப்பிப் பிள்ளையை எடுத்துக்குவாங்க. தகப்பன் பேரு தெரியாதில்ல? அதுக்காக இந்தப் பேரு.”

எத்தனை பிள்ளைகளை வைத்திருந்தால் ஒரு ஊர் முழுக்க அந்தப் பெயர் இருக்கும்? பின்னால் ஒரு ராஜா, இனிமேல் பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டாராம். ஆனால் அதற்குள் வைத்த பெயர்கள் பேரன், அவன் பேரன் என்று பெருகிவிட்டன.

“சொல்லிக்க வெட்கமா இல்லையான்னு கேளு ஜின்சி.”

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அந்த அம்மா கோபிக்கவில்லை. கையால் சக்கரத்தைத் திருப்பிக் காட்டினார். ஜின்சி எடுத்துச் சொன்னாள்:

“யாரோ அந்தச் சக்கரத்தைத் திருப்பினதாலதானே அந்தப் பிள்ளை பிழைச்சது, நான் இங்க கண்ணு காட்டப் படுத்திருக்கேன்? இப்ப பேரைச் சொல்லாம மறைச்சா, அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை வெளியில வச்ச மாதிரின்னு சொல்றாங்க.”

“இவங்க வீட்டுக்காரரும் எஸ்போசிட்டோவா?”

இதற்கு அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் நாட்டில் கல்யாணமானாலும் பெண்களுக்கு அப்பா வழிப் பெயர்தானாம். ஜின்சியும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “புருஷன் பேரு புருஷனுக்கு. அது எனக்கு எதுக்குன்னு கேக்குறாங்க.”

எதுக்கு! நான் அதை மாட்டிக்கொண்டுதானே இந்தப் பாடு படுகிறேன்!

யோசித்துப் பார்த்தால் கல்ஃபுக்கு வந்த நம் ஆட்கள் எல்லாருக்கும் இந்த அவஸ்தை உண்டு. சைட்டில் ஃபோர்மேன் “கருப்பையா, யல்லா!” என்று அவசரப்படுத்திக் கத்துவான். கருப்பையா பட்டுக்கோட்டைப் பக்கத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார். இங்கே அவர் மகன் ஓடுவான். அப்பா பெயரைக் காலம் முழுக்க முதலெழுத்தாக மட்டும் வைத்திருந்த பையன், கடல் தாண்டி வந்து அப்பாவாகவே ஆகிவிடுகிறான். நமக்கெல்லாம் பாஸ்போர்ட்தான் சக்கரம் போலிருக்கிறது. ஒரு பக்கம் ஒரு பெயரோடு வைத்தால், மறு பக்கம் இரண்டு பெயரோடு எடுக்கிறார்கள்.

“அம்மா, டைம் ஆயி.” ஜின்சி என் முன்னால் நின்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். சொன்னேன்.

“கேக்கல அம்மா.”

பாவி! இன்னொரு தடவை சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எஸ்போசிட்டோ அம்மா கை தட்டினார். எனக்கு அழுகை வந்தது.

அதோடு விட்டார்களா? உள்ளே, பெரிய விளக்கின் கீழே, எகிப்துக்கார டாக்டர் மறுபடியும் பெயர் கேட்டார். கடைசித் தடவை சரிபார்ப்பார்களாம். ஐம்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவையும் இல்லை… ஒரே காலையில் மூன்று தடவை!

கண்ணில் என்ன செய்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. என் நினைப்பெல்லாம் வெளியே அந்த நாற்காலியில். வியர்க்கிறதோ? நெஞ்சைப் பிடிக்கிறாரோ? பழனி ஆண்டவனிடம் வேண்டலாமென்றால், அதற்கும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டுமே!

கண்ணில் கட்டோடு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “ஏங்க…” என்றேன். பதில் இல்லை. பாதிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.

அவர் நாற்காலி காலி. பை மட்டும் இருந்தது.

“ஜின்சி! ஜின்சி!” நான் போட்ட சத்தத்தில் அந்த வராந்தாவே திரும்பியது. மூன்று தடவை சொன்னேனே, மூன்று தடவை சொன்னேனே என்றுதான் வாய் அரற்றியது. ஜின்சி ஒரு பக்கம் ஓடினாள், செக்யூரிட்டி ஒரு பக்கம் ஓடினான்.

“என்னடி இப்படிக் கத்துற? மானம் போகுது.”

பின்னாலிருந்து வந்தார். பாத்ரூம் போயிருந்தாராம். “அதுக்கும் உங்கிட்ட டிக்கெட் வாங்கிட்டுப் போகணுமா?” என்று ஒரு கேள்வி வேறு. சட்டையைப் பிடித்து, நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். அடித்துக்கொண்டிருந்தது. போதும் என்று இருந்தது. உள்ளே நடந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்கென்று அவர் வைத்திருக்கும் அதே வெள்ளைச் சட்டை. டாக்டர் கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டு, “பாருங்க” என்றார்.

பார்த்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! சுவர், ஜன்னல், ஜின்சியின் பல்வரிசை… எல்லாம் கழுவி வைத்த மாதிரி. அப்புறம் எதிரே நின்றவரைப் பார்த்தேன். சட்டைப் பைக்குக் கீழே ஒரு பழுப்புக் கறை. புளிச் சட்னி. கான்டீன் சமோசாவோடு தருவார்களே, அது. பக்கத்தில் கரக் சாயா — அதான், இந்த ஊர் இனிப்பு டீ — சிந்திய பொட்டு ஒன்று.

பாத்ரூமில் யார் சமோசா விற்கிறார்கள்?

“…………! இது என்ன?”

புள்ளி வைத்த இடத்தில் அவர் பெயர். இப்போதும் எழுதக் கை வரவில்லை. ஆனால் வாய் வந்துவிட்டது. நான்காவது தடவை — யாரும் கேட்காமலேயே, எஸ்போசிட்டோ அம்மா சொன்ன மாதிரி உரக்க.

“என்னடி… என்ன சொன்ன இப்ப?” என்று அப்படியே நின்றுவிட்டார். ஜின்சி அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆயிற்று, பத்து நாள். ஆயுசு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை, சமோசாதான் குறைந்திருக்கிறது.