பியூலா டீச்சர் சொன்ன சாட்சி

மாடம்பாக்கத்தில் பியூலா டீச்சரிடம் விலங்கியல் படித்த பிள்ளைகள் எதை மறந்தாலும் அவர் கரும்பலகையில் போடும் இரண்டு வட்டங்களை மறக்க மாட்டார்கள். ஒன்றுக்கு முழுசான கோடு. செல்கள் உள்ளேயே அடங்கியிருக்கும். இன்னொன்றின் கோடு பிய்ந்து, செல்கள் வெளியே கால் நீட்டிக்கொண்டிருக்கும். "முதல் கட்டி பக்கத்துல இருக்கறதைத் தள்ளும், அவ்வளவுதான். ரெண்டாவது பக்கத்து வீட்டுக்குள்ள நுழையும், ரத்தத்துல ஏறி ஊர் மாறும். அதுதான் புற்று," என்பார். இவ்வளவும் தெரிந்தவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

கணவர் சாலமோனுக்குத் தொடையில் ஒரு கட்டி. அவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். வலியில்லாததால் அவர் அதைச் சட்டை செய்யவில்லை. டீச்சர்தான் பிடித்த பிடியாகத் தாம்பரத்து டாக்டர் ஏகநாதனிடம் கூட்டிப் போனார். டாக்டர் ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பினார். அந்த வாரம் முழுக்க டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல செய்தி வந்தால் அந்த ஞாயிறே சாட்சி சொல்வதாக ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணிக்கொண்டார். அவர்கள் சபையில் அது வழக்கம். கிடைத்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லாவிட்டால் அது கைநழுவிவிடும் என்று உள்ளூர ஒரு பயமும் உண்டு.

சனிக்கிழமை லேபிலிருந்து போன் வந்தது. வெறும் கொழுப்புச் செல்கள்தானாம். மறுநாள் டீச்சர் மைக்கைப் பிடித்தார். "என் கணவருக்குப் புற்றுநோய் இல்ல. டாக்டருக்கு முன்னாடியே ஆண்டவர் பார்த்துட்டார்." சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது.

திங்கட்கிழமை டாக்டர் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். "ஊசி ஒரு இடத்துலதான் தொட்டிருக்கு மேடம். கட்டி பெருசா, தசைக்கு அடியில ஆழமா இருக்கு. ஸ்கேன் எடுத்து, ஒரு துண்டு சதையை எடுத்துப் பார்த்தாத்தான் நான் இதுக்குப் பேர் சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் சாலமோன் வண்டியைக் கிளப்பினார். "நேத்துதான் நீ சபையில எழுந்து சொன்ன. இன்னைக்கு மறுபடி டெஸ்ட்டுக்குப் போனா, ஆண்டவரை நம்பலன்னு ஆயிடாதா?"

அவருக்குக் கத்தி என்றாலே நடுக்கம். அந்த நடுக்கத்தை மூடிக்கொள்ள மனைவியின் சாட்சி நல்ல போர்வையாகக் கிடைத்தது. டீச்சருக்கு நுனி நாக்குவரை பதில் வந்தது. சபையில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற வெட்கத்தில் அதை விழுங்கிவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

சில மாதங்கள் போயின. கிறிஸ்துமஸுக்குள் கட்டி பேன்ட்டுக்கு மேலேயே புடைத்துத் தெரிந்தது. இருமல் ஆரம்பித்த பிறகுதான் மறுபடி டாக்டரிடம் போனார்கள். ஸ்கேனில் நுரையீரல் முழுக்கப் புள்ளிகள். தொடையிலிருந்து எடுத்த சதைத் துண்டும் புற்று என்றே சொன்னது.

"அப்போ நுரையீரல் கேன்சரா டாக்டர்?" என்றார் சாலமோன்.

பதில் சொன்னது டீச்சர். "இல்லங்க. எங்க பொறந்துச்சோ அதை வெச்சுதான் பேரு. தோல், குடல், மூச்சுக்குழாய் இதுங்களோட உறையில பொறந்தா கார்சினோமா. தசை, கொழுப்பு, எலும்புல பொறந்தா சார்கோமா. உங்களுது தொடைக் கொழுப்புல பொறந்தது. எங்க குடியேறினாலும் சார்கோமாதான்."

வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார். செல்கள் எவ்வளவு முரடு என்பது தரம், எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பது நிலை. டாக்டர் இரண்டையும் சொன்னார், இரண்டிலும் கடைசிப் படி. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு டீச்சர் அழுதார்.

சபையில் இன்னும் யாருக்கும் தெரியாது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாட்டுக்குழுப் பெண் பிளஸ்ஸி சிரித்தபடி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். எனக்கும் மார்புல ஒரு கட்டி இருக்கு. டாக்டர் பயாப்ஸி எடுக்கச் சொன்னார். உங்க சாட்சியைக் கேட்ட அன்னைக்கே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். சாலமோன் அண்ணன் மாதிரி எனக்கும் சரியாயிடும்."

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நாளைக்குக் காலையில நாம டாக்டர்கிட்ட போறோம்."

"ஏன் டீச்சர்? அண்ணன் நல்லாத்தானே இருக்காரு?"

"இல்ல பிளஸ்ஸி. அவர் ரொம்ப நாள் இருக்க மாட்டாரு. அன்னைக்கு நான் அவசரப்பட்டு எழுந்துட்டேன்."

பிளஸ்ஸியின் கை மெல்லத் தன் மார்புக்குப் போனது.