ஏரிக்கரையில் மொட்டைத் தலையோடு நைனா

எங்கள் ஊரில் செத்துப்போன பெரியவர்களின் படத்தைக் கேட்டால் எல்லா வீட்டிலிருந்தும் மொட்டைத் தலைதான் வரும். பாலசமுத்திரத்துப் பக்கம் கூலி வேலை பார்த்த குடும்பங்கள் போட்டோ எடுத்துக்கொண்டது வாழ்நாளில் ஒரு முறை, அதுவும் திருப்பதிக்குப் போனால்தான். மலையில் முடி கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, கீழே வந்து ஸ்டூடியோவில் கோபுரம் வரைந்த திரைக்கு முன்னால் நிற்பார்கள். மீசையும் போயிருக்கும். பிற்பாடு அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

ஏரிக்கரைப் பாதையில் சிலைகள் வைப்பது என்று ஊர்ப் பிள்ளைகள் கிளம்பியபோதுதான் இந்த வேடிக்கை வெளியே தெரிந்தது. யோசனை சொன்னவன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். கம்பெனி அவனைக் கொஞ்ச காலம் வேல்ஸ் நாட்டுக்கு அனுப்பியிருந்தது. அங்கே பழைய ரயில் பாதை ஒன்றை நடைபாதையாக்கி, அந்த ஊரில் சுரங்கத்தில் உழைத்தவர், பாட்டுப் பாடியவர், பள்ளிக்கூடம் நடத்திய அம்மாள் என்று உள்ளூர் மனிதர்களை இரும்புத் தகட்டில் வெட்டி வழிநெடுக நிறுத்தியிருக்கிறார்களாம்.

"ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல அத்தை. நம்மள மாதிரி ஆளுங்கதான். நம்ம ஊர்ல அப்பிடி ஆளே இல்லியா இன்னா?" என்றான்.

அவன் முதலில் சொன்ன ஆளே என் நைனாதான். கையகல நிலம்கூட இல்லாத எங்கள் ஜனங்களுக்குப் பட்டா வேண்டுமென்று சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிக் கொடுத்தவர்.

எனக்குப் பெருமைதான். ஆனால் மனசு வேறு கணக்குப் போட்டது. சிலை திறப்புக்காவது தம்பி வருவான். குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனவன், வருகிறதைக் குறைத்துக்கொண்டே வந்து, அம்மா சாவுக்கும் வர முடியாமல் போனவன். என் வீட்டுக்காரரும் போன பிறகு எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே உறவு அவன்தான். பேச்சுத் துணைக்கு டிவியைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருகிறவள் நான்.

சிலை செய்தவர் திருப்பதிக்காரர், தெலுங்கு பேசுகிறவர். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "வீள்ளந்தா சன்யாசுலா அம்மா?" என்று கேட்டார். இவர்கள் எல்லாம் சாமியார்களா என்று மனுஷன் நிஜமாகவே சந்தேகப்பட்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. பிறகு வீடு வீடாக விசாரித்துச் சிமெண்டில் முடியும் மீசையும் வைத்தார். விவரம் தெரியாத வீடுகளுக்கு அவரே ஒரு மீசையை முடிவு செய்துவிட்டார்.

நைனாவின் முறை வந்தபோது நான் சொன்னேன். சுருட்டை முடி, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் படியாது. மீசை மேலுதட்டை மூடிக்கொண்டு இறங்கும், கூழ் குடித்தால் அதைத் துடைப்பதே தனி வேலை. சொல்லச் சொல்ல அவர் முகம் கண் முன்னால் வந்து நின்றது. சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் மகன்களோடு பெங்களூர், சென்னை என்று குடிபோய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போனில் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாக்கா, மீசைய வச்சி வேற ஆளாக்கிக்கினு கீறீங்க? எனக்கு நைனான்னா அந்த மொட்டைதான். இங்க ரூம்ல அந்தப் படத்தைப் பாத்துக்கினுதான் துன்றேன், தூங்குறேன்."

"நீ அப்போ கைக்கொழந்தடா. நைனா எப்பிடி இருந்தாருன்னு எனக்குத் தெரியாதா?"

"இருக்கட்டும்க்கா. நான் வந்து பாக்கறப்போ எனக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அந்தப் படமே அவனுக்கு முதல் மொட்டை போடப் போனபோது எடுத்ததுதான். நைனாவும் அவனோடு சேர்ந்து முடி கொடுத்தார். அது முழுசாக வளர்வதற்குள் காய்ச்சலில் போய்விட்டார். தம்பிக்கு வேறு முகம் ஏது? அதைவிட, வந்து பார்க்கிறேன் என்று அவன் வாயால் சொல்லிவிட்டானே, எனக்கு அது போதும். மறுநாளே சிலைக்காரரிடம் மொட்டையாகவே இருக்கட்டும் என்றேன்.

திறப்பு நாளில் கரை கொள்ளாத கூட்டம். மற்றவர்கள் எல்லாம் மீசையோடு நிற்க, நைனா மட்டும் மொட்டை. திருப்பதிக்குப் பாதயாத்திரை போய்க்கொண்டிருந்த மஞ்சள் துணிக்காரர்கள் சிலர் அவர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். சிலையை மூடியிருந்த துணியை விலக்கியதுமே நானும் பார்த்திருந்தேன். படத்தில் இருந்தது அச்சு அசலாக வந்திருந்தது. ஆனால் என் நைனா அங்கே இல்லை. இது அவர் இல்லை என்று நான் சொன்னால், ஆமாம் என்று சொல்ல அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள் இல்லை. வீட்டுக்காரர் போன அன்றுகூட நான் அவ்வளவு தனியாக உணரவில்லை.

தம்பி வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம். வீடியோவில் கூப்பிட்டு, காட்டச் சொன்னான். புதுப் புடவை கட்டியிருந்தேன். நானும் சிலையும் சேர்ந்து தெரிகிற மாதிரி நின்றுகொண்டு போனை நீட்டிப் பிடித்தேன். பார்த்ததும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பிடியே நைனாதான்க்கா," என்றான்.

"ஆமாண்டா, நைனாதான்," என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுக்கா. நைனாவ மறைக்கிற."

தள்ளி நின்றேன்.