யானைப்புல்லும் தண்ணீர்ப்புல்லும்

சாலையோரத்தில் யானைப்புல்லைக் கண்டால் இன்றும் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கிவிடுவேன். சிறுவயதில் நான் அதை எதிரியாக நினைத்திருந்தேன்.

அப்போது ஈஜோக் ஊரை ஒட்டிய எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயத்தில் இருந்தோம். வீட்டில் ஒரு செவலைப் பசு, சினையாக இருந்தது. செம்பனைக்குள் மாடு மேயக்கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. கட்டிப்போட்டுத்தான் தீனி போடவேண்டும். மழையிலும் வெயிலிலும் கொல்லைப் புல்லே போதுமென்றால் மாடு இருக்கட்டும், இல்லாவிட்டால் விற்றுவிடலாம் என்றார் அப்பா.

அம்மாவின் தம்பியான மாமா, செகிஞ்சானிலிருந்து யானைப்புல் கரணைகளைக் கொண்டுவந்து கொல்லையில் பாதிக்கு ஊன்றினார். கால்வாயை ஒட்டிய மறுபாதியில் அம்மா தண்ணீர்ப்புல்லைப் பரப்பினார். நான் அம்மா கட்சி. ஆனால் யானைப்புல்தான் என் தலையைத் தாண்டி வளர்ந்தது.

"என்னாக்கா, ஒன் புல்லு இன்னும் முட்டிக்கே வரலயே?" என்றார் மாமா.

"மாடு என்ன ஒட்டகச்சிவிங்கியா? குனிஞ்சு திங்கட்டும் லா."

தீபாவளி மழையில் கால்வாய் வழிந்து கொல்லைக்குள் வந்தது. மாமாவின் புல் நீரில் நின்று மஞ்சளித்தது. அம்மாவின் புல் தண்ணீர் மேலேயே படர்ந்தது. அம்மா ஜெயித்துவிட்டதாக லயம் முழுக்கச் சொல்லிவந்தேன். மாமா கொஞ்சமும் வெட்கப்படாமல் கத்தியோடு இறங்கி, அம்மாவின் புல்லை அறுத்துப் பசுவுக்குப் போட்டார்.

பொங்கல் கழிந்ததும் வெயில் பிடித்தது. கால்வாய் வறண்டு, அம்மாவின் புல் சருகானது. செத்ததென்று நாங்கள் விட்டுவிட்ட யானைப்புல் தூரிலிருந்து மெல்லத் துளிர்த்தது. பசுவோ கன்று போட்டிருந்தது. பால் குறைந்துகொண்டே வந்தது. மாட்டு வியாபாரியின் லோரி எப்போது வரும் என்று அப்பா விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு மாலை, துணி அலசிய தண்ணீரை அம்மா யானைப்புல்லின் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

"அம்மா, அது மாமா புல்லு!"

"தெரியுதுடா. அந்த வாளியத் தூக்கிட்டு வா."

அழுதுகொண்டே தூக்கினேன். தினமும் தூக்கினேன். புல் எழுந்தது, பாலும் கூடியது. லோரிப் பேச்சை அப்பா பிறகு எடுக்கவேயில்லை. அடுத்த மழைக்குள் மாமாவும் அம்மாவும் சேர்ந்து மேட்டில் யானைப்புல்லும் பள்ளத்தில் தண்ணீர்ப்புல்லுமாக நட்டார்கள்.

யார்தான் ஜெயித்தது என்று நான் அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு தம்ளர் பாலை என் கையில் கொடுத்து, "குடிடா" என்றார். பதில் சொல்ல முடியாமல் மழுப்புகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.