கூரையைப் பிரித்த வாரம்

ஜப்பான்காரர் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னாலிருந்த எங்கள் முருகன் கோயிலில் உத்தரங்கள் ஏழு. மூன்றைக் கறையான் அரித்திருந்தது. நான் கோயில் கமிட்டிச் செயலாளர். மழை பெய்தால் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று எண்ணிக்கொண்டே நிற்பேன்.

பழைய கோயில், பள்ளிவாசல்களைப் பழுதுபார்க்க கிள்ளானில் ஓர் அறக்கட்டளை பணம் தந்தது. துணி வியாபாரி ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போன சொத்து. அவர்கள் ஆள் வந்து பார்ப்பதற்குள் வேலை தொடங்கியிருந்தால் ஒரு காசும் கிடையாது என்பது நிபந்தனை. புதன்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிறை விட்டால் இரண்டு மாதத்துக்கு முகூர்த்தம் இல்லையென்று, என்னைக் கேட்காமலே குருக்கள், திருப்பணிக்கு முன் செய்யவேண்டிய பாலாலயத்தைச் செய்துவிட்டார். மூலவரின் சக்தியைக் கலசத்தில் இறக்கி, பக்கத்துக் கொட்டகையில் ஒரு பலகைப் படத்துக்கு மாற்றியாயிற்று. கருவறைச் சிலையைத் துணி மூடியது. விளக்கும் இல்லை.

திங்களன்று ஜப்பானிய அதிகாரி ஒருவர், மொழிபெயர்க்கும் தமிழரோடு வந்து மண்டபத்தை அளந்தார்.

"சாமி வெளிய போயிட்டாருன்னா அரிசி அடுக்கலாம்னு சொல்றாரு" என்றார் அந்தத் தமிழர். "வெள்ளிக்கிழமை லோரி வரும். நானும் சொல்லிப் பாத்தேன் தம்பி, கேக்க மாட்றாரு லா."

குருக்களிடம் ஓடினேன். "சாமிய மறுபடி உள்ள கொண்டுபோயிடலாமே?"

"திருப்பணி பாக்காம எப்படித் தம்பி ஏத்துறது?"

"அப்ப கிள்ளான்காரர்கிட்ட என்ன சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. அரிசி மூட்டைக்கு நான் அர்ச்சனை பண்ணிக்கறேன்."

புதன் காலை ரயிலில் அறக்கட்டளை ஆள் வந்தார். அறுபது வயதிருக்கும். கொட்டகையில் விளக்கைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வேலைய ஆரம்பிச்சிட்டீங்களா?"

குருக்களே எல்லாவற்றையும் சொன்னார், அரிசி லோரி உட்பட.

வந்தவர் ஏணி கேட்டார். மேலே ஏறி ஓடுகளைத் தடவிப் பார்த்தார். பாசி கலையாமல் இருந்தது. உத்தரத்தை நகத்தால் கீறினார்.

"ஓட்டத் தொடல, மரத்தத் தொடல. சாமி எங்க உக்காரணும்னு எங்க விதியில ஒண்ணும் இல்ல. இன்னிக்கே பிரிங்க."

"பணம் இன்னும் வரலியே ஐயா?"

"அது வரும். கூரையே இல்லாத எடத்துல எவன் அரிசி அடுக்குவான்?"

ரயில்வே ஆட்கள் ஒன்பது பேரும் நானுமாக இரண்டு நாளில் ஓடுகளை இறக்கினோம். நான் எண்ணி அடுக்கினேன். வெள்ளிக்கிழமை லோரி வந்தது. அதிகாரி மண்டபத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார். சட்டங்களுக்கிடையே வானம் தெரிந்தது. காலை மழையில் தரை குளமாகக் கிடந்தது. ஏதோ கத்தினார். கூட வந்தவர் அதை எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை. லோரி திரும்பிப் போனது, பிறகு வரவில்லை.

பணமும் வந்தது, சொன்ன தொகை குறையாமல், வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகளாக. அதற்குள் விலை ஏறிவிட்டதால் மூன்று உத்தரத்துக்குக் கேட்ட பணத்தில் ஒன்றுதான் கிடைத்தது. அதை ஏற்றிவிட்டு, மற்ற இரண்டும் ஓட்டின் பாரம் தாங்காதென்று கூரைக்கு அத்தாப்பு ஓலை வேய்ந்தோம். திருப்பணி முடியாததால் ஜப்பான்காரர் போகும்வரை சாமி கொட்டகையிலேயே இருந்தார். அடுக்கிய ஓடுகளை வாரம் ஒருமுறை எண்ணிவந்தேன். ஒன்றும் குறையவில்லை.