மிகவும், ஓரளவு, சிறிதளவு

ஹெட்போனை மாட்டுவதற்கு முன் வலது காதுத் தோட்டைக் கழற்றி டம்ளர் மூடியில் போடுகிறார். செருப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒரு காலை மடக்கி அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறார். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி அந்தத் தோரணைக்குச் செய்யப்பட்டதல்ல. அது நகர நகர இவரும் விடாமல் இழுத்துக்கொண்டு வந்து உட்காருகிறார். ஒருமுறை செருமுகிறார். பிறகு, "வணக்கம். பொதுமக்கள் கருத்தறியும் பிரிவிலிருந்து பேசுகிறேன்" என்று ஆரம்பித்தால் வருவது வேறு யாருடைய குரலோ. சற்று முன்னால் தேநீர் மேசையருகே, "என் டம்ளர எவ எடுத்தது?" என்று கட்டடம் அதிரக் கேட்டவர் இவர்தான் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். இந்தக் குரலுக்காகவே இவருக்கு ரேடியோக்கா என்று பெயர். வயதில் மூத்தவனான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

என் வேலை ஒட்டுக்கேட்பது. ஊரில் இதைச் செய்தால் உதை விழும்; இங்கே சம்பளம் தருகிறார்கள், கண்காணிப்பாளர் என்று பதவியும் தந்திருக்கிறார்கள். தொலைபேசியில் கேள்வி கேட்பவர்கள் அச்சடித்ததை அப்படியே படிக்கிறார்களா என்று நான் பார்க்க வேண்டும். அவர்கள் விளக்கம் சொல்லக் கூடாது. சிரிக்கக் கூடாது. 'ஐயோ பாவம்' சொல்லக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் திட்டினாலும் அழுதாலும், "கேள்வியை மறுபடியும் படிக்கிறேன்" என்பது மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஆறுதல்.

இந்த மாதக் கேள்வி கொஞ்சம் கனமானது. "பருவநிலை மாற்றம் இனித் திரும்ப முடியாத கட்டத்தை எட்டிவிட்டதாக விஞ்ஞானிகள் எச்சரிக்கின்றனர். இதுபற்றி நீங்கள் எந்த அளவுக்குக் கவலைப்படுகிறீர்கள்? மிகவும், ஓரளவு, சிறிதளவு, இல்லவே இல்லை." முதல் நாள் தாளைக் கையில் வாங்கியதும் ரேடியோக்கா தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "கவலைக்கு ஸ்கேல் வச்சவன் கண்டிப்பா கல்யாணம் ஆகாதவன் சார்."

உலகம் கைவிட்டுப் போகிறது என்று சொன்னால் மக்கள் என்ன செய்வார்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், பெரும்பாலும் குழாயைப் பற்றிப் பேசுவார்கள் என்று சொல்வேன். "எங்க தெருவுல குழாய்ல சொட்டுத் தண்ணி வரல, நீ உலகத்தப் பத்திக் கேக்க வந்துட்டியா?" என்று ஒருவர் பிடித்து உலுக்கிவிட்டார். இன்னொருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஏசி இப்பவே வாங்கிடறது நல்லதுன்றீங்க?" என்றார். ஒரு பெரிய மனிதர், காப்பிக்குச் சர்க்கரை சொல்வதுபோல "ஓரளவு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கல்லூரிப் பெண் ஒருத்தி, "உங்க வயசு ஆளுங்க என்ன பண்ணீங்க இத்தன வருஷமா?" என்று சீறினாள். ரேடியோக்கா குரல் மாறாமல் கேள்வியை மறுபடியும் படித்தார். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். அவர் எப்போதும் அப்படித்தான். நன்றி சொல்லும்போது தலையும் குனிவார்.

அவரை அசைத்துப் பார்த்த ஆள், சந்தோஷப்பட்ட ஒருவர். "இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டாங்கல்ல? அப்பாடா. மாடிப்படி லைட்ட அணை அணைன்னு வீட்ல உயிர எடுத்தாங்க. இனி எரிஞ்சா எரியட்டும்." ரேடியோக்கா அன்று மதியம் தன் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டார். "பயந்தவனக்கூட புரியுது சார். இந்தாளு விடுதலையான மாதிரில்ல பேசறான்?"

எனக்கும் அவருக்கும் ஒரே ஒருமுறைதான் சண்டை வந்தது. 'பருவநிலை' என்பதில் 'பருவம்' மட்டும் காதில் விழுந்த ஒரு தகப்பனார் மாட்டினார். "ஆமாங்க, பையனுக்குப் பதினாலு நடக்குது. ஆளே மாறிட்டான். கதவச் சாத்தினா திறக்கறதில்ல. இனித் திரும்பவே மாட்டானாமா? விஞ்ஞானிங்களே சொல்லிட்டாங்களா?" விளக்கம் சொல்லக் கூடாது என்பதால் ரேடியோக்கா கேள்வியை மறுபடியும் படித்தார். இன்னும் ஒருமுறை படித்தார். தகப்பனார் உடைந்துபோய், "மிகவும்னு போட்டுக்கம்மா" என்றார். இவரும் போட்டுவிட்டார். நான் அந்தப் பேட்டியைச் செல்லாது என்று நீக்கினேன். நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

"அந்த மனுஷன் கவலை பொய்யா சார்?"

"கேள்வி வேறயாச்சேம்மா."

"கேள்வி வேறதான். கவலை கவலைதானே?"

அன்று முழுக்க எனக்கு முகம் கொடுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கு இப்போதும் படுகிறது.

வீட்டுக் கதையைத் தவணை முறையில் சொல்வார். நான் கேட்டவரைக்கும் இவ்வளவு: வாய்க்கால் ஓரமாகத் தாழ்ந்த தெருவில் சொந்த வீடு. கணவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டுபவர். ஊரார் வீட்டில் மிஞ்சியதைக் கொண்டுவந்து, கூடத்தில் பூப்போட்டது, சமையலறையில் கட்டம் போட்டது என்று தன் வீட்டுத் தரையைத் தானே இழைத்திருக்கிறார். மழைக்காலத்தில் அந்தத் தரைமேல் வாய்க்கால் வந்துவிடுகிறது. முன்பு எப்போதோ ஒருமுறை வந்தது, இப்போது வருஷம் தவறுவதில்லை. தண்ணீர் வடிந்ததும் மனிதர் முதல் வேலையாகச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் பெயின்ட் அடித்துவிடுவாராம். "கோடு போயிட்டா தண்ணி வரவே இல்லன்னு ஆயிடுமா சார்?"

மேட்டுத் தெருவில் தங்கை வீட்டுப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் போய்விட வேண்டும் என்பது ரேடியோக்காவின் தவிப்பு. இந்த வாரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள். கணவரிடம் பேச்செடுத்தால், "வந்த தண்ணி திரும்பிப் போச்சா இல்லையா? அப்புறம் என்ன?" என்பார். அதற்கு மேல் கேட்டால் டிவியின் சத்தம் கூடும். "ஊரையே கேக்கறேன் சார், நீங்க என்ன நினைக்கறீங்கன்னு. எங்க வீட்ல ஒருத்தரக் கேக்க முடியல."

நேற்று மத்தியானம் கம்ப்யூட்டர் அந்த ஒருவரைப் பிடித்துக் கொடுத்தது. எண்களை அதுவே குத்துமதிப்பாகச் சுழற்றும். யாருடைய எண் என்று திரையில் தெரியாது. நான் அப்போது ரேடியோக்காவின் இணைப்பில்தான் இருந்தேன். எதிர்முனையில் டைல் அறுக்கும் மெஷினின் கிறீச்சல் நின்றது. "ஹலோ" என்றது ஓர் ஆண் குரல். "வணக்கம்" என்று தொடங்கிய ரேடியோக்கா பாதியில் நிறுத்திவிட்டார். மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எங்க வீட்டுக்காரர் சார்" என்றார்.

சொந்தக்காரர் என்றால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. துண்டிக்கச் சொல்லி நான் கையைத் தூக்கினேன். அதற்குள் அவர் திரும்பிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேட்டி செல்லாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் ஏனோ தூக்கிய கையால் எதையும் அமுக்க மனம் வரவில்லை.

கேள்வி முடிந்தது.

"புரியல. இன்னொரு வாட்டி படிங்க."

படித்தார்.

"நான் சொல்றத எங்க வீட்ல போய்ச் சொல்லிட மாட்டீங்களே?"

மனிதர் மனைவியின் குரலைக் கண்டுகொண்டுதான் பேசுகிறார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. ரேடியோக்காவுக்கும் விளங்கியிருக்கும். தாளில் இருந்ததைப் படித்தார்: "தங்கள் பதில்கள் ரகசியமாக வைக்கப்படும்."

"அப்ப மிகவும்னு போட்டுக்குங்க."

"காரணம் ஏதேனும் கூற விரும்புகிறீர்களா?"

"ராத்திரி மழைச் சத்தம் கேட்டா எழுந்து கூடத்துல போய் நிக்கறேன். தரை ஈரமாயிடுச்சான்னு காலால தடவிப் பார்க்கறேன். அவளுக்குத் தெரியாது. தூங்கட்டும்னு விட்டுடறேன்." எங்கோ ஒரு வாளி நகர்த்தப்படும் சத்தம். "தண்ணி திரும்பிப் போயிடும், திரும்பிப் போயிடும்னு அவகிட்ட சொல்லிட்டே இருக்கேன். அது திரும்ப வரும்னு எனக்குத் தெரியாதாங்க?"

தட்டச்சு செய்யும் ஓசை எனக்குக் கேட்கவில்லை. ரேடியோக்கா எதையும் அடிக்கவில்லை. அடுத்த கேள்வியைப் படித்தார். அந்தப் பிரபலமான குரலில் முதல்முறையாகப் பிசிறு தட்டியது. "இதன் காரணமாக உங்கள் வாழ்க்கையில் ஏதேனும் முடிவை மாற்றிக்கொள்ளத் தயாரா? ஆம், இல்லை."

"ஒவ்வொரு டைலும் என் கையால ஒட்டினது. போகலாம்னு வாயத் திறந்தா வரமாட்டேங்குது."

"ஆம், இல்லை."

"ஆம்."

மிச்சமிருந்தது குடும்ப விவரம். "உங்கள் வீட்டில் முக்கியமான முடிவுகளை எடுப்பவர் யார்? நீங்கள், உங்கள் துணை, இருவரும்."

"அது..." என்று இழுத்தார் மனிதர். "அவளையே கேட்டு எழுதிக்குங்க."

ரேடியோக்கா மடக்கியிருந்த காலை இறக்கித் தரையில் வைத்தார். கன்னத்தோரம் நின்ற மைக்கை இரண்டு விரலால் பிடித்து, உதட்டில் படுமளவுக்கு இழுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும்னு போட்டுக்கறேங்க" என்றார்.