சுக்கு வெந்நீர்

கீழ்வீட்டில் யாருக்கோ தொண்டைக்கட்டு போலிருக்கிறது. சுக்கு கொதிக்கும் வாசனை மாடிவரை வருகிறது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

பாட்டு மாஸ்டரிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். கல்லூரி கொயரில் எனக்கு அது முதல் வருஷம். ஜூனில் குரல் பார்த்து எடுத்தார்கள். ஜனவரியில் பல்கலைக்கழகப் போட்டி. நடுவே டிசம்பரில், கொயரில் இருக்கிற எல்லார் வீட்டு வாசலிலும் வேனில் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டு பாடுவது வழக்கம். திருவள்ளூரில் பாடினோம், சோழவரத்தில் பாடினோம். கடைசி வீடு எங்களுடையது. கும்மிடிப்பூண்டியில், இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்தெரு.

தெருமுனையிலேயே மாஸ்டர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்தப் புகையில பாடினா எல்லாருக்கும் தொண்டை போயிடும். போட்டி வருது. நீ மட்டும் இறங்கிக்கம்மா."

வேன் திரும்பிப் போய்விட்டது. எங்கள் வாசலில் அக்கம்பக்கத்து நாற்காலிகளெல்லாம் வரிசையாகக் கிடந்தன. பாடுகிற பிள்ளைகளின் தொண்டைக்கு இதமாக இருக்குமென்று அம்மா ஒரு குண்டான் நிறையச் சுக்கு வெந்நீர் போட்டு வைத்திருந்தாள்.

"வண்டி சத்தம் கேட்டுச்சே, எங்கடி எல்லாரும்? எம்மா நேரமா காத்துக்கினு கீறேன்."

சொன்னேன். அம்மா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்போ உன் தொண்டை இன்னாடி, தகரமா?"

குண்டானைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

ஜனவரியில் கோப்பை எங்களுக்குத்தான். தனியாகப் பாடும் வரிகளை எனக்கே கொடுத்திருந்தார்கள். மாஸ்டர் மேடையில் என்னைக் காட்டி, "இது கடவுள் குடுத்த தொண்டை" என்றார். அரங்கமே கைதட்டியது.

போட்டி பார்க்க வந்திருந்த அம்மா மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.