வெள்ளைத் தாளில் ஒரு புள்ளடி

சிட்னியில் நான் முதன்முதலாக வாக்களித்த சனிக்கிழமையை நினைத்தால் வெங்காயம் வதங்கும் மணம்தான் முதலில் வருகிறது. நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட வாசலில் பெற்றோர்கள் வெங்காயம் வதக்கி, சொசேஜ் சுட்டு, பாண் துண்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அது 2013 செப்டம்பர். நான் குடியுரிமை எடுத்து அதிக காலமாகவில்லை. கணவருக்கு அன்று வேலை, அதனால் முன்னதாகவே வாக்களித்துவிட்டார். மகளின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தம்பிதான் என்னோடு வந்தான்.

தம்பி புகலிடம் தேடிப் படகில் வந்தவன். தற்காலிக விசாவில் ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தான். எங்கள் ஹோலில் மெத்தை போட்டுப் படுத்தான். அந்தத் தேர்தலில் எல்லோரும் படகுகளைப் பற்றியே பேசினார்கள். அவனுக்கு மட்டும் வாக்கு இல்லை.

"அக்கா, எனக்கும் சேர்த்துப் போடுங்கோ" என்றான். மேலவையான செனட்டுக்கு நின்ற ஒரு சின்னக் கட்சி அவனைப் போன்றவர்களுக்காகப் பேசியது. அதற்குத்தான் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

நான் விளக்கப் புத்தகத்தைப் பரீட்சைக்குப் போல் படித்திருந்தேன். கீழவைக்கான பச்சைத் தாளில் எல்லாப் பெட்டிகளிலும் இலக்கமிட வேண்டும். செனட்டுக்கான வெள்ளைத் தாளில், கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக்கு மட்டும் ஒன்று என்று எழுதலாம். அல்லது கோட்டுக்குக் கீழே அத்தனை வேட்பாளர்களுக்கும் இலக்கமிடலாம். கீழே நிரப்பினால்தான் ஒழுங்காகச் செய்ததாகும் என்று எனக்குப் பட்டது.

"உங்களுக்கென்ன விசரே? நூறு பேருக்கு மேல நிக்கினம். நீங்கள் எழுதி முடிக்கேக்க இவள் யூனிவர்சிற்றிக்குப் போயிடுவாள்" என்று மகளைக் காட்டினான் தம்பி.

உள்ளே தந்த தாள் மேசைவிரிப்புப் போல் இருந்தது. எழுத்து அவ்வளவு சிறிது என்பதால் உருப்பெருக்கும் பிளாஸ்டிக் அட்டையும் வைத்திருந்தார்கள். அட்டைத் தடுப்புக்குள் தாள் அடங்காமல் இரு பக்கமும் தொங்கியது. பச்சைத் தாளை நிதானமாக முடித்தேன். வெள்ளையைத் தொடங்கும்போது வெளியே மகள் அழும் சத்தம் கேட்டது. கோட்டுக்கு மேலேயே போட்டுவிடலாம் என்று அவசரமாகக் கட்சியைத் தேடிக் குறியிட்டு, மடித்து மடித்துப் பெட்டிக்குள் தள்ளினேன்.

வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நான் இலக்கம் எழுதவில்லை. பெருக்கல் குறி போல ஒரு புள்ளடி போட்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கட்சிக்கு நேரே புள்ளடிதானே போடுவோம். அவசரத்தில் கை அதையே செய்துவிட்டது.

 என் வாக்கு மட்டுமென்றால் பரவாயில்லை, இது அவனுடையதும் அல்லவா? திரும்பிப் போய், பெட்டியருகில் இருந்த அலுவலர் பெண்மணியிடம் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"கோட்டுக்கு மேலே, ஒரே ஒரு பெட்டியில்தானே, டார்லிங்? அதை ஒன்று என்றே எடுத்துக்கொள்வார்கள்" என்றார். நம்பிக்கை வராமல் மறுபடியும் கேட்டேன். சிரித்துக்கொண்டே மறுபடியும் சொன்னார்.

வெளியே மகள் அழுகையை நிறுத்திப் சொசேஜோடு வந்த பாண் ரொட்டித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தாள். தம்பி கையில் பாதி சொசேஜ்.

"போட்டாச்சோ? விரலைக் காட்டுங்கோ பாப்பம்."

"இஞ்ச மை பூசுறேல்லையடா. டேய், நான் புள்ளடி போட்டுட்டன்."

வாய்க்குக் கொண்டுபோன சொசேஜ் அப்படியே நின்றது. "ஐயோ அக்கா! அவ்வளவு படிச்சனீங்கள்!"

"எண்ணுவினமாம். கேட்டிட்டுத்தான் வாறன்."

"வடிவாக் கேட்டனீங்களோ?"

"அந்த மனுசி களைக்கும்வரைக்கும் கேட்டனான்."

அவன் பள்ளிக்கூடக் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அப்ப எங்கட புள்ளடி இஞ்சயும் செல்லும்."

வீடுவரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வண்டியைத் தள்ளினான். அன்றிரவு தொலைக்காட்சியில் வந்த முடிவு எங்களுக்குச் சாதகமாக இல்லை; படகுகளைத் தடுப்போம் என்றவர்களே வென்றார்கள். அவன் மெத்தையை விரித்துப் படுத்துவிட்டான்.

இப்போது அவன் மெல்பேர்னின் கிரான்பர்ன் பகுதியில் இருக்கிறான். ஹோலில் அந்த மெத்தை இல்லாதது இன்னும் எனக்கு வெறுமையாகத்தான் இருக்கிறது. அவனுக்கு இன்னும் வாக்கு இல்லை; தேர்தல் வந்தால் காலையிலேயே தொலைபேசியில் அழைப்பான். "அக்கா, எனக்கும் சேர்த்து." ஓம் என்பேன். இலக்கம்தான் எழுதுகிறேன், மடிக்குமுன் ஒருமுறை சரிபார்க்கிறேன், பிறகு இன்னொரு முறை.